கிழியாமல் வந்த வலை

செவ்வாய்க்கிழமை வலை கிழியாமல் வந்தது.

படகிலிருந்து இறக்கி, கொட்டகைக்குள் இழுத்து, உத்தரத்துக் கொக்கிகளில் மாட்டி, அவள் ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே போனாள். ஈர நூலில் பாசி வாசனை அடித்தது. மூன்று இடத்தில் நூல் தேய்ந்திருந்தது. ஓர் இடத்தில் நாலு வலைக்கண் அறுந்திருந்தது. அவ்வளவுதான்.

"புள்ளிக்காரி மாட்டினாளாமே?" என்றாள், வலையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"மாட்டினா. விட்டாச்சு." கணவன் வாசற்படியில் உட்கார்ந்து கையில் ஒட்டிய செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வெட்டினீங்களா?"

"வெட்டாம எப்படி விடறது?"

"நாலே கண்ணா?"

"கத்தியை எங்க வைக்கணும்னு தெரிஞ்சா நாலு கண் போதும்."

அவள் நம்பினாள். நம்ப ஆசையாக இருந்தது. அந்த வலை நான்கு மாத வேலை. ஒவ்வொரு முடிச்சும் அவள் விரலில் ஒரு தடவை இறுகி வந்தது. கொட்டகையில் வலை பின்னுபவர்கள் ஆறு பேர். அதில் இடது கையால் ஊசி ஓட்டுபவள் அவள் ஒருத்திதான். அதனால் கரை முழுக்க அவளுக்கு 'இடக்கை' என்றே பெயர்.

கணவனுக்குப் பெயர் 'விடுதலை'. திமிங்கலச் சுறாவைப் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். வலையில் தானாக மாட்டினால் வலையை வெட்டி விட்டுவிட வேண்டும். விட்டதற்குப் படம் எடுத்து அனுப்பினால் மீன்வளத் துறையிலிருந்து சான்றிதழ் வரும். அவன் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு நான்கு சான்றிதழ் தொங்கின. இது ஐந்தாவது. பஸ் நீளத்துக்கு வளரும், ஆளை ஒன்றும் செய்யாது, வாயைத் திறந்தபடி நீரை வடித்துப் பொடி உயிர்களைத் தின்று போகும் அந்த மீனைக் கரையில் எல்லோரும் 'புள்ளிக்காரி' என்றார்கள். சாம்பல் முதுகில் யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

முதல் தடவை அவன் விட்டபோது வலை பாதியாக வந்தது. அன்று அவள் சொன்னது அவனுக்கு இன்னும் நினைவிருக்கும். "அந்த மீனுக்கு உயிர் இருக்கு. என் விரலுக்கு இல்லையா?" சொல்லிவிட்டு மூன்று நாள் பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் போட்டு, தட்டை நகர்த்திவிட்டாள்.

அதற்குப் பிறகு வலை பாதியாக வரவேயில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் நாத்தனார் ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தாள். அவளுடைய கணவனும் விடுதலையின் படகில்தான் போகிறான்.

"அண்ணி! ஒரு புள்ளிக்காரி செத்து ஒதுங்கியிருக்கு. அதிகாரி வந்துட்டார். அண்ணன் பேரைத்தான் கேக்கறார்."

"பேர் கேட்டா சொல்லு. ஓடி ஒளிய என்ன இருக்கு?"

"எனக்குக் காலெல்லாம் நடுங்குது."

"அது பூட்ஸுக்குள்ள ஐஸ் போயிருக்கும். வா."

மீன் அலை தொடும் இடத்தில் வலப்பக்கம் மண்ணில் பதியக் கிடந்தது. வயிறு ஊதியிருந்தது. வாலுக்குச் சற்று முன்னால், உடம்பு ஒடுங்கும் இடத்தில், தோல் வழன்று முறுக்குக் கயிற்றின் தடம் சுற்றிலும் தெரிந்தது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பெண் முழங்கால் நீரில் நின்று அளவுநாடா பிடித்துக்கொண்டிருந்தாள். பேசினால் யாருக்காவது தொந்தரவாகிவிடுமோ என்பதுபோல மெல்லப் பேசுகிறவள்.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். "வாலைக் கட்டி இழுத்திருக்காங்க. இந்த வாரம் திமிங்கலச் சுறா மாட்டினதா எழுதிக் கொடுத்தது உங்க படகு ஒண்ணுதான்."

விடுதலை வாய் திறப்பதற்குள் இடக்கை முன்னால் வந்தாள். "எழுதிக் கொடுத்தவன் குத்தவாளி. எழுதாதவனெல்லாம் நல்லவன். அப்படியா சார்?"

"நான் உங்களைக் கேக்கலம்மா."

"பதில் என்கிட்டதான் இருக்கு. வலையை நான் பார்த்தேன். வெட்டித்தான் விட்டிருக்கார்."

"அப்ப இது எந்த மீன்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்கு வேலை கொடுத்திருக்காங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆராய்ச்சிப் பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "கண்டுபிடிக்கலாம். புள்ளிங்க ஒவ்வொரு மீனுக்கும் வேற வேற. நம்ம கைரேகை மாதிரி. செவுளுக்குப் பின்னால, பக்கத் துடுப்புக்கு மேல இருக்கற புள்ளிகளை அளந்து, இவர் அனுப்பின படத்தோட ஒப்பிட்டா இதுதானா இல்லையான்னு தெரிஞ்சுடும். இடப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும், வலப்பக்கம் வேற மாதிரி. ரெண்டையும் எடுத்துக்கறேன்."

"அப்ப அளந்து பாருங்க," என்றாள் இடக்கை. "அளந்துட்டு வந்து எங்களைக் கேளுங்க. அதுவரைக்கும் எங்க படகு அனுமதி மேல யாரும் கை வைக்கக் கூடாது."

மண் அள்ளும் இயந்திரம் வந்து மீனைப் புரட்டியது. கல்திட்டு புரள்வதுபோல மெதுவாகப் புரண்டது. ஆராய்ச்சிப் பெண் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, "ஆண்," என்றாள். "ஆறு மீட்டர். இன்னும் பருவத்துக்கே வரல. இது அப்பாவாக இன்னும் பல வருஷம் ஆகியிருக்கும்."

"புள்ளிக்காரி இல்ல, புள்ளிக்காரனா!" என்றார் சங்கச் செயலாளர். கையில் ஒலிபெருக்கி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் அவரை 'மைக்' என்பார்கள்.

விடுதலை கேட்டான். "ஏம்மா, வாலைக் கட்டி இழுத்தா சாகுமா?"

"சாகும். தண்ணி வாய் வழியாப் போய் செவுள் வழியா வெளிய வரணும். அப்பதான் மூச்சு. பின்பக்கமா இழுத்தா அது நடக்காது. முதுகெலும்பும் தாங்காது."

"மெதுவா இழுத்தாக்கூடவா?"

"மெதுவா இழுத்தா மெதுவாச் சாகும்."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தொழில் விஷயத்தில் எப்போதும் ஆர்வம் அதிகம் என்று இடக்கை நினைத்துக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். பொருந்தவில்லை.

மேசைமேல் பெரிதாக்கிய மூன்று படங்கள். விடுதலை அனுப்பியது ஒன்று. இறந்த மீனின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. விடுதலையின் படத்தில் அவன் முகம் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மீனின் உடம்பு, தலை வலது பக்கம் பார்த்தபடி.

"இவர் எடுத்தது வலப்பக்கம்," என்றாள் ஆராய்ச்சிப் பெண். "செத்த மீனோட வலப்பக்கத்துல புள்ளி இப்படி இல்ல. வேற மீன்தான்."

அதிகாரி எழுந்து கை கொடுத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. வியாழக்கிழமை ஏலக்கூடத்துல எல்லாப் படகுக்காரங்களுக்கும் பயிற்சி. வலையை எப்படி வெட்டி விடறதுன்னு நீங்களே சொல்லிக் கொடுங்க."

"நம்ம விடுதலை சொல்லாம வேற யார் சொல்றது?" என்றார் மைக். அறை சின்னது. அவர் குரல் அதற்குப் பெரியது.

"நான் சொன்னேன்ல சார்? அளந்து பாருங்கன்னு சொன்னேன்ல?" என்று இடக்கை படத்தைக் கையில் எடுத்தாள். அந்தப் படத்தைக் கொஞ்சம் அனுபவித்துப் பார்க்கலாம் என்றிருந்தது.

மீனுக்கும் அவன் தோளுக்கும் நடுவே, படகு விளிம்பில் அவளுடைய வலை வழிந்து கிடந்தது. தடித்த நூல். ஒவ்வொரு முடிச்சும் தெளிவாகத் தெரிந்தது. அவள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

வலக்கைக்காரர்கள் போடும் முடிச்சு வலப்பக்கம் சாயும். அவள் முடிச்சு இடப்பக்கம் சாயும். தன் வலையை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். படத்தில் எல்லா முடிச்சும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன, போலாமா?" என்றான் விடுதலை.

படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "போலாம்."

*

கொட்டகையில் மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தகரக் கூரை வெயிலில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தது. நாத்தனார் சந்தோஷத்தில் மூன்று பேருக்கும் டீயும் பன்னும் வாங்கி வந்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை எந்த வலையைப் போட்டீங்க?" என்று இடக்கை கணவனைக் கேட்டாள்.

"உன் வலைதான். வேற யார் வலை?"

"படத்துல முடிச்செல்லாம் வலக்கை முடிச்சா இருக்கு."

அவன் பன்னைக் கடித்தபடி நிறுத்தினான். நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, உங்களைத் தவிர முடிச்சை எவ பார்க்கப் போறா? முன்பக்கக் கேமராவுல எடுத்திருக்கும் அண்ணன். என் போன்லயும் அப்படித்தான். ஃபேக்டரி போர்டு முன்னால நின்னு எடுத்தா எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கற மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் தானாக நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணாடியில பார்க்கற மாதிரி," என்றாள் இடக்கை. "அப்ப அது வலப்பக்கம் இல்ல. இடப்பக்கம். அந்த மூணாவது படத்தை நான் பார்த்தேன். துடுப்புக்கு மேல அஞ்சு புள்ளி வளைஞ்சு போகுது, நடுவுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. திருப்பிப் போட்டா உங்க படத்துலயும் அதேதான். ஒரு கண் விட்டுப்போனாலே எனக்குத் தெரியும். இது தெரியாதா?"

அவன் டீயைக் கீழே வைத்தான்.

"வெட்டினீங்களா, இல்லையா?"

"மொகம் விழணும்னு அப்படி எடுத்தேன். சான்றிதழ்ல போட்டோ போடறாங்கல்ல."

"நான் கேட்டது அது இல்ல. யோவ், வெட்டினியா?"

கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வெட்டல," என்றான். "நாலு கண்ணு அதுவா அறுந்தது. வாலைக் கட்டி, இஞ்சினைப் போட்டு, பின்னால இழுத்தோம். வலையிலிருந்து வழுக்கி வந்துடும். ஆழத்துக்குக் கொண்டுபோய்க் கயித்தை அவுத்துவிட்டேன். கீழ போச்சு."

"நீந்திப் போச்சா, மூழ்கிப் போச்சா?"

"மேல இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"மத்ததெல்லாம்?"

"முதல்ல ஒண்ணு மட்டும்தான் வெட்டி விட்டேன். நீ மூணு நாள் பேசல."

நாத்தனார் பன் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் அப்படித்தான் அண்ணி செய்யறாங்க. என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். சாகும்னு யாருக்கும் தெரியாது."

"உனக்கும் தெரியுமா? கரையில எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"உங்க கிட்ட யார் சொல்வா? வலைன்னா நீங்க அடிச்சுக்க வருவீங்க."

"வியாழக்கிழமை சொல்லிடலாம்," என்றாள் இடக்கை.

"என்னத்தை? அண்ணி, பொருந்தலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நீங்க போய்ப் பொருந்துதுன்னு சொல்லப் போறீங்களா? ஊர்ல இப்படி ஒருத்தி உண்டா? படகை நிறுத்திட்டா ரெண்டு வீட்டு அடுப்பும் நிக்கும். செத்தது எந்திரிச்சா வரப்போகுது?"

"இது வராது. அடுத்தது மாட்டும்ல?"

"மாட்டட்டும். அப்ப வெட்டட்டும்."

"யார் வெட்டுவா? எந்த வீட்டுல பொம்பளை வெட்ட விடுவா? நானே விடல." அவள் எழுந்து உத்தரத்தில் தொங்கிய வலையைப் பிடித்து நின்றாள். "பயிற்சி கொடுக்கப் போறாராம். வெட்டறது எப்படின்னு. அங்க உக்காந்திருக்கறவனெல்லாம் தலையாட்டுவான். மறுநாள் கயித்தை எடுத்துக்கிட்டுப் போவான். நாலு சான்றிதழ் மாட்டியிருக்கோம் சுவத்துல. மூணு சாவுக்கு நாம ஆணி அடிச்சிருக்கோம்."

"மூணும் செத்துச்சுன்னு யார் கண்டா?" என்றான் அவன். குரல் ஏறவில்லை.

"உயிரோட இருக்குன்னு யார் கண்டா?"

அவன் எழுந்து வெளியே போனான். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது சுவரில் நான்கு ஆணிகள் மட்டும் இருந்தன. ஒரு சட்டம் அலமாரிமேல் நிமிர்ந்து நின்றது. மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் குப்புறக் கிடந்தன. சோறு போட்டு, இந்தத் தடவை எதிரிலேயே உட்கார்ந்தாள்.

செவ்வாயும் புதனும் அவள் கொட்டகையில் வேறு வேலை எதையும் தொடவில்லை. தன்னுடைய வலையின் துண்டுகளைப் பிரித்தாள். ஒரு வலை என்பது பல துண்டுகள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே கண்ணோடு கண் முடிச்சிட்டு இணைப்பதுதான் வழக்கம். அவள் முடிச்சிடாமல், சிவப்பு நூலைக் கீழிருந்து மேல்வரை சங்கிலித் தையலாக ஓட்டி, மேல் நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டாள். சாக்குப் பையின் வாயைத் தைப்பார்களே, அதுபோல.

"பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பிடிச்சிருக்கு. அந்தச் சிவப்பு நூல்கண்டை எடு."

*

ஏலக்கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சிமென்ட் தரையைக் கழுவிவிட்டிருந்தும் மீன் நாற்றம் போகவில்லை. சுவரில் வெள்ளைத் துணி கட்டி அதில் விடுதலையின் படத்தைப் போட்டிருந்தார்கள். ஆளுயரத்துக்கு அவன் சிரிப்பு.

மைக் ஆரம்பித்தார். "நம்ம கரைக்குப் பெருமை! இதுவரைக்கும் பதினோரு திமிங்கலச் சுறாவை வலையை வெட்டி..."

"அண்ணே, ஒரு நிமிஷம்." இடக்கை கடைசி வரிசையில் எழுந்தாள். "அந்தப் படத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்க."

"நேராத்தானேம்மா இருக்கு?"

"இடம் வலமா. அது கண்ணாடி படம். என் முடிச்சைப் பாருங்க, வலப்பக்கம் சாயுது. நான் இடக்கைக்காரின்னு இங்க தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

ஆராய்ச்சிப் பெண் மடிக்கணினியில் ஏதோ தட்டினாள். படம் திரும்பியது. அவள் இன்னொரு படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். துடுப்புக்கு மேல் வளைந்துபோகும் ஐந்து புள்ளிகள். நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தது. இரண்டு படத்திலும். அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் பார்த்திருக்கணும்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

"இந்தம்மா என்ன சொல்லுது?" என்று மைக் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். "புருஷனைத் தானே காட்டிக் கொடுக்குதா?"

"அவரை மட்டும் ஏன் சொல்றீங்க? இந்தக் கரையில கிழிஞ்ச வலை எல்லாம் எங்க கொட்டகைக்குத்தான் வருது. பதினோரு விடுதலைன்னு எழுதியிருக்கீங்க. வெட்டுப்பட்டு வந்த வலை ரெண்டு. ஒண்ணு இவரோடது. இன்னொண்ணு யாரோடதுன்னு எனக்குத் தெரியும், அவர் கை தூக்கினா நான் கும்பிடறேன். மத்த ஒன்பது தடவையும் எதை வெட்டினீங்க? மீசையையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "வலை போனா நீயா தருவே?"

"உக்காருடி!" என்றான் இன்னொருவன்.

"உக்கார மாட்டேன்."

அப்போது விடுதலை முன்வரிசையில் எழுந்தான். மைக்கின் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கவில்லை. "நான்தான் வாலைக் கட்டினேன்," என்றான். "அது சாகும்னு எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். இப்ப உங்க எல்லாருக்கும் தெரியும். இனிமே எவனும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அவ வலையைக் கொண்டு வந்திருக்கா. வெட்டச் சொல்லி இல்ல. வந்து பாருங்க. பார்த்துட்டு என்னைத் திட்டுங்க."

இரண்டு தூணுக்கு நடுவே வலையைக் கட்டினார்கள். நாத்தனார், திட்டிக்கொண்டேதான், ஒரு முனையைப் பிடித்தாள். "இழுத்துக் கட்டுங்க அண்ணி, மானம் போறதுதான் போகுது, ஒழுங்காப் போகட்டும்." இடக்கை சிவப்பு நூலின் மேல் முடிச்சைக் காட்டினாள். கத்தியை ஒரு தடவை வைத்தாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். பரபரவென்று தையல் மேலிருந்து கீழ்வரை உருவி வந்தது. வலை இரண்டு கதவாகத் திறந்துகொண்டது. ஒரு கண்கூட அறுபடவில்லை.

"கரைக்கு வந்து திரும்பத் தைக்க அரை நாள்," என்றாள். "நாலு மாசம் இல்ல. அரை நாள். எங்க மாட்டியிருக்கோ அதுக்குப் பக்கத்துத் தையலை உருவுங்க. அது தானா முன்பக்கமா நீந்திப் போகும்."

"சுத்திக்கிட்டா?" என்று கேட்டான் முதலில் கத்தியவன்.

"சுத்திக்கிட்டா வெட்டு. வெட்டிட்டு வலையை எங்கிட்ட கொண்டு வா. உன் பொண்டாட்டி திட்டினா அவளையும் கூட்டிட்டு வா."

சிலர் எழுந்து போனார்கள். போகும்போது மைக்கிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் தூணருகே வந்து சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஓரமாக நின்று கையைப் பாதி தூக்கி இறக்கினார். இடக்கை அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

*

அதிகாரி அங்கேயே, ஏல மேசைமேல் காகிதத்தை வைத்து எழுதினார். இந்தப் பருவம் முடியும்வரை படகு அனுமதி நிறுத்தம். அதைக் கேட்டு நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடுதலை தலையாட்டினான். அதிகாரி எழுதியதைப் படித்துக் காட்டினார். "பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைத் தெரிந்தே கொன்றதாக..."

"அந்த வார்த்தையை அடிங்க," என்றாள் இடக்கை.

"பின்ன? தெரியாமன்னு எழுதவா? அப்படி எழுதினா உங்களுக்கு நல்லதுதான்."

"அதுவும் வேணாம். கயிறு கட்டினது தெரியாமலா கட்டினார்? வலையைக் காப்பாத்த வாலைக் கட்டி இழுத்தேன், மீன் செத்துப்போச்சுன்னு எழுதுங்க. நடந்தது அதுதான். அதைவிடக் கூடவும் வேணாம், குறைச்சும் வேணாம். வேற என்ன எழுதினாலும் கையெழுத்துக் கிடையாது."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தார். அவள் முதல் தடவையாகக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "அப்படியே எழுதுங்க சார். எனக்கும் அதுதான் வேணும். எப்படிச் சாகுதுன்னு ஒருத்தர்கூட இதுவரைக்கும் எழுதிக் கொடுத்ததில்ல."

அவர் அடித்து எழுதினார். விடுதலை கையெழுத்துப் போட்டான். காகிதத்தை எடுக்கப் போனவரின் கையை இடக்கை தடுத்தாள்.

"எனக்கும் இடம் விடுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா? நீங்க படகுல இல்லையே."

"வலையில இருந்தேன்," என்று சொல்லி, பேனாவை இடது கையில் வாங்கினாள்.